கேளுங்கள், வாசிக்கிறேன்: பாலஸ்தீனத்து வயலின் பிள்ளைகள்

சென்ற இதழில் பால்மியூசிக் யூகே என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பாலஸ்தீனப் பிள்ளைகளின் இசைப் படிப்புக்குப் பணம் திரட்டுகிற சின்ன அமைப்பு அது. நானும் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரி கிளப்பிய கடிதங்களைப் பார்த்தால், நான் வருஷக்கணக்கில் வில் பிடிப்பது பற்றி எழுதியதெல்லாம் வீண் என்று தோன்றுகிறது. ஆகவே தோள்வலிக்காரர்களும் ரோசின் (வில்லில் தேய்க்கிற பிசின்) ஒவ்வாமைக்காரர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் முன்கூட்டியே: நான் லண்டனில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். மத்தியக் கிழக்கு நிபுணர் என்று நினைத்து யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: சோற்றுக்கே வழியில்லாத இடத்துக்கு வயலின் எதற்கு? அந்தக் காசில் மாவு வாங்கி அனுப்பக் கூடாதா?

தாராளமாக அனுப்புங்கள். மாவுக்குக் கொடுக்கிற கையை நான் பிடித்து இழுக்க மாட்டேன்.

ஆனால் இசைப்பள்ளிக்குக் கொடுத்த காசு கடைசியில் யார் கையில் போய் நிற்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். எந்த ஊர் இசைப்பள்ளியானாலும் பெரிய செலவு வாத்தியார் சம்பளம்தான். காஸாவில் கிதார் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் குடும்பம் உண்டு, பசி உண்டு. பள்ளிக் கட்டடம் போய்விட்டது, மாணவர்கள் திசைக்கொருவராகக் கூடாரங்களில் கிடக்கிறார்கள். அப்போதும் சம்பளம் வந்தால் அவர் தன் காசில் மாவு வாங்குவார், மறுநாள் காலையில் போய்ப் பாடமும் நடத்துவார். அந்தச் சம்பளமும் முழுசாகக் கைக்கு வருவதில்லை என்பது வேறு கொடுமை. போர்க்காலத்தில் காஸாவில் ரொக்கத் தட்டுப்பாடு வந்து, வங்கியில் விழுந்த பணத்தை ஷேக்கல் (அங்கே புழங்குகிற இஸ்ரேலிய நாணயம்) நோட்டாக எடுத்துக்கொடுக்கவே தரகர்கள் ஒரு கட்டத்தில் நூற்றுக்கு நாற்பது வரை பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "முதலில் சோறு, பிறகு பாட்டு" என்று வரிசை போடுவது தூரத்தில் இருக்கிற நமக்குத்தான் சுலபமாக இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் கூடாரங்களுக்கு நடுவே வாத்தியார் ஒருவர் கிதாரை எடுத்து உட்கார்ந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

கேள்வி: இந்த அறக்கட்டளையே அங்கே பள்ளி நடத்துகிறதா?

இல்லை. பள்ளி நடத்துவது எட்வர்ட் சயீத் தேசிய இசைக் கல்லூரி. இங்கிருந்து போகிற பணம் அங்கே உதவித்தொகையாகவும் சம்பளமாகவும் வாத்தியமாகவும் மாறுகிறது.

இந்தக் கல்லூரியின் கதை கொஞ்சம் நீளம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. 1993இல் மேற்குக் கரையில் ரமல்லா நகரத்தில், பிர்சைத் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கினார்கள். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் ஒஸ்லோ சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே வருஷம். நாடு ஒன்று பிறக்கப்போகிறது, நாட்டுக்கு ஓர் இசைப்பள்ளி வேண்டும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. நாடு பிறந்ததோ இல்லையோ, பள்ளி வளர்ந்தது. பிறகு ஜெருசலேம், பெத்லகேம், நாப்லஸ். ஜெருசலேமில் பிறந்த எட்வர்ட் சயீத் 2003இல் நியூயார்க்கில் இறந்தார். உலகம் அவரைப் பேராசிரியராகவும் சிந்தனையாளராகவும் அறியும். நல்ல பியானோ வாசிப்பாளர், பத்திரிகைகளுக்கு இசை விமர்சனம் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்த வருஷமே கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

காஸாவின் கதை தனி. அங்கே கத்தான் அறக்கட்டளை 2008இல் ஓர் இசைப்பள்ளி திறந்தது. திறந்த சில மாதங்களில், அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய போரில், கட்டடம் நாசம். வேறு இடம் பார்த்து மறுபடி தொடங்கினார்கள். 2012இல் அது சயீத் கல்லூரியின் கிளையாக ஆயிற்று. 2023 அக்டோபருக்குப் பிறகு நடந்த போரில் அந்த இடமும் போயிற்று. ஒரே பள்ளி, இரண்டு முறை இடிபட்டிருக்கிறது.

கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுஹைல் கூரி. நய் என்ற நாணற்குழலும் கிளாரினெட்டும் வாசிப்பவர், இசையமைப்பாளர். முதல் இன்டிஃபாதா என்கிற பாலஸ்தீன எழுச்சியின் காலத்தில் பாட்டு கேசட்டுகளுக்காகச் சிறை போனவர். 2020 ஜூலையில் இஸ்ரேலியப் போலீஸ் ஜெருசலேமில் அவரையும், யபூஸ் கலாசார மையத்தை நடத்திவந்த அவர் மனைவியையும் வீட்டிலிருந்து கைது செய்து, கல்லூரி அலுவலகத்தையும் சோதனை போட்டது. பிறகு விடுவித்தார்கள். என் மாணவர்களின் பெற்றோர் கட்டணம் தாமதமானால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இந்த மனிதர்களை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

கேள்வி: வயலின், பியானோ, பீத்தோவன் என்று மேற்கத்திய இசையைத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? அவர்களுடைய சொந்த இசை என்ன ஆவது? (ஒரு கர்நாடக வயலின் மாணவியின் அம்மா)

உங்கள் மகளின் வயலினை எடுத்து வாருங்கள், அம்மா. அதை வைத்தே சொல்கிறேன்.

மேற்கத்திய வயலினின் நாலு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிற எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சுருதி சேர்க்கும். அரபு இசை வாசிக்கிற வயலின்காரர்கள் பழைய வழக்கப்படி மேல் இரண்டு தந்திகளையும் இறக்கிவிடுவார்கள். அப்போது வருவது ஜி, டி, ஜி, டி. கீழ் ஜியை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள், ச, ப, ச, ப. உங்கள் மகள் தினமும் சேர்க்கிற அதே முறை! சுருதிதான் வேறு. ஐரோப்பாவில் பிறந்த ஒரு பெட்டியை அரபு வித்துவான்களும் வாங்கினார்கள், தென்னிந்திய வித்துவான்களும் வாங்கினார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு பேரும் அதன் தந்திகளை ஒரே மாதிரி திருகிவைத்தார்கள். எனக்கு இது தெரியவந்த அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆகவே "மேற்கத்திய வாத்தியம்" என்று தள்ளிவிட முடியாது. சயீத் கல்லூரியில் இரண்டு பாதையும் உண்டு. ஒரு பக்கம் பாஹ், விவால்டி. இன்னொரு பக்கம் ஊத், கானூன், புசுக் என்ற தந்தி வாத்தியங்கள், நய், தாளத்துக்கு ரிக், தர்புக்கா. இரண்டிலும் கால் வைத்த பிள்ளைகள் நிறைய.

அரபு இசையின் மகாம் நம் ராகத்துக்குப் பக்கத்து வீடு. ஸ்வர வரிசை இருக்கும், எந்த ஸ்வரத்தில் தங்குவது, எங்கே இறங்குவது என்ற நடத்தை இருக்கும், தனி ஆலாபனை மாதிரி தக்ஸீம் இருக்கும். பெரிய வித்தியாசம் கால் ஸ்வரம். ராஸ்த் என்ற மகாமில் காந்தாரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பியானோவில் அந்தக் கட்டையே கிடையாது. ஊதில் மெட்டு இல்லை, விரல் வைத்த இடம் ஸ்வரம். கானூனில் எழுபதுக்கு மேல் தந்தி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பக்கத்தில் குட்டிக் குட்டி உலோக நெம்புகோல்கள். வாசித்துக்கொண்டே இடது கையால் அவற்றைத் தட்டி ஏற்றி இறக்குவார்கள். பத்து வயசுப் பிள்ளை அதைச் செய்வதைப் பார்த்தால், நம் பிள்ளைகள் "கமகம் கஷ்டமா இருக்கு மிஸ்" என்று சிணுங்குவது ஞாபகம் வரும்.

கேள்வி: என் மகன் வளர்ந்துவிட்டான். அவனுடைய அரை அளவு வயலின் பரணில் இருக்கிறது. அங்கே அனுப்பிவைக்கலாமா?

மனசு நல்ல மனசு. வயலினைத்தான் அனுப்ப வேண்டாம்.

கால், அரை, முக்கால், முழு என்று ஒரு பிள்ளை பெரியவனாவதற்குள் மூன்று நாலு வயலின் மாற வேண்டும். அதனால்தான் எல்லா ஊரிலும் பள்ளிகள் வாத்தியங்களை வாங்கி வைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. அங்கே அந்தத் தேவை நிஜமானது. ஆனால் உங்கள் வயலின் பரணில் இருந்து கிளம்பி, விமானத்தில் தந்தி தளர்ந்து, உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி சாய்ந்து, சுங்கத்தில் நாள்கணக்கில் கிடந்து போய்ச் சேரும்போது வாசிக்கிற நிலையில் இருக்காது. சவுண்ட் போஸ்டை நிறுத்த அதற்கென்று கருவியும் கையும் வேண்டும். காஸா என்றால் கேட்கவே வேண்டாம். 2007 முதல் முற்றுகை, என்ன உள்ளே போகலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். சாமானின் விலையை விட அனுப்புகிற கூலி அதிகமாகிவிடும்.

வாத்தியமாகவே கொடுக்கத்தான் ஆசை என்றால் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வழியாகப் போங்கள். பெல்ஜியத்தில் மியூசிக் ஃபண்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 2005இல் தொடங்கியது. பழைய வாத்தியங்களை வாங்கி, பழுதுபார்த்து, தேவையான பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அதைவிட நல்ல காரியம் ஒன்றும் செய்கிறது. அங்கங்கே இருக்கிற இளைஞர்களுக்கு வாத்தியம் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. பாலஸ்தீனத்திலும் கற்றுக்கொடுத்திருக்கிறது. நூறு வயலின் அனுப்புவதை விட ஒரு பழுதுபார்ப்பவரை உருவாக்குவது மேல் என்பது என் கட்சி.

உங்கள் அரை வயலினை இங்கேயே வேறொரு அம்மாவிடம் விற்றுவிட்டு, வந்த காசை அனுப்புங்கள். தந்தி, ரோசின், கிளாரினெட்டுக்கு நாக்கு என்று தீர்ந்துபோகிற சாமான்கள்தான் எப்போதும் தட்டுப்பாடு. ஈ தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி வரும்வரை அந்தப் பிள்ளைக்குப் பாடமில்லை.

கேள்வி: காஸாவில் குண்டுவீச்சில் தப்பிய பியானோ என்று ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா, ஜோடிப்பா?

நிஜம். ஜப்பான் அரசு பல வருஷங்களுக்கு முன் அன்பளிப்பாகக் கொடுத்த யமஹா கிராண்ட் பியானோ. காஸாவில் கச்சேரிக்கு ஏற்ற பெரிய பியானோ அப்போது அது ஒன்றுதான் இருந்தது. அது இருந்த அரங்கம் 2014 போரில் சிதைந்தது. உள்ளே பியானோ மட்டும் நின்றுகொண்டிருந்தது, வாசிக்க முடியாத நிலையில். நான் சொன்ன அதே மியூசிக் ஃபண்ட் அடுத்த வருஷம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பியானோ பழுதுபார்ப்பவரை அனுப்பி, துருப்பிடித்த கம்பிகளையும் சுத்தியல்களையும் சரிசெய்து, இசைப்பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். 2018இல் பொதுமக்கள் முன்னால் அதில் கச்சேரி நடந்தது.

பியானோ பிழைத்த கதையை எல்லோரும் பகிர்கிறார்கள். ஆனால் 2023 நவம்பரில் காஸாவில் வயலின் படித்துக்கொண்டிருந்த ஒரு பதினாலு வயசுப் பெண் தன் குடும்பத்தோடு குண்டுவீச்சில் கொல்லப்பட்டாள். சயீத் கல்லூரி தன் மாணவி என்று அவளுக்கு அஞ்சலி செலுத்தியது. அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்ததா? எனக்கு வந்தது, அன்று எனக்கு அதே வயசில் ஒரு மாணவிக்கு வகுப்பு. பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை.

கேள்வி: இசை ஒரு ஆயுதம் என்பது சரிதானே?

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஸ்கேல் வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து ஆயுதம் என்று சொல்லாதீர்கள். அங்கே நிஜ ஆயுதங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

கேள்வி: இசை நடத்துனர் டேனியல் பேரன்பாயிமின் ஆர்க்கெஸ்ட்ராவும் சயீத் கல்லூரியின் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றா? இஸ்ரேலியரும் அரபுக்காரரும் சேர்ந்து வாசிப்பார்களே?

வேறு வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள், காரணம் இரண்டிலும் சயீத் பெயர் இருக்கிறது. 1999இல் ஜெர்மனியில் வைமார் நகரத்தில் பேரன்பாயிமும் சயீதும் சேர்ந்து தொடங்கியது வெஸ்ட் ஈஸ்டர்ன் டிவான் ஆர்க்கெஸ்ட்ரா. இஸ்ரேல், பாலஸ்தீனம், சுற்றியுள்ள அரபு நாடுகள் என்று எல்லாப் பக்கத்து இளைஞர்களும் வாசிப்பது. 2005இல் ரமல்லாவுக்கே வந்து வாசித்தார்கள். 2011இல் பேரன்பாயிம் ஐரோப்பிய வாசிப்பாளர்களைத் திரட்டிக்கொண்டு காஸாவுக்குள் போய் ஒரு கச்சேரி செய்தார், அது வேறு குழு.

சயீத் கல்லூரியின் குழந்தை பாலஸ்தீன இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா, 2004இல் தொடங்கியது. இதில் வாசிப்பது பாலஸ்தீனப் பிள்ளைகள். மேற்குக் கரை, ஜெருசலேம், காஸா, இஸ்ரேலுக்குள் இருப்பவர்கள், அகதிகளாக வெளிநாட்டில் பிறந்தவர்கள், கூடவே சில வெளிநாட்டு நண்பர்கள். டிவானை எதிர்த்து, இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்கிற பாலஸ்தீன இயக்கத்தார் 2010இல் அறிக்கையே விட்டார்கள். ஆக்கிரமிப்பு தொடரும்போது மேடையில் மட்டும் சமாதானம் காட்டுவது உண்மையை மூடி மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். பேரன்பாயிம் தரப்பு அதை ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் மற்றவர் கதையைக் கேட்கக் கற்கிற இடம் அது என்பார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், டிவானின் வாசிப்பு பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பாலஸ்தீனப் பிள்ளை கிளாரினெட் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவள் சமாதானத் தூதராகவும் ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. என் மாணவர்கள் யாரையும் நான் எந்த நாட்டுக்கும் தூதராக்கவில்லை. தப்பில்லாமல் வாசித்தால் போதும் என்கிறேன்.

கேள்வி: ஒரு ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில் என்ன பெரிய செலவு? ஏன் எப்போதும் "பயண நிதி" என்று கேட்கிறார்கள்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரமல்லாவிலிருந்து ஜெருசலேம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்குமோ என்னவோ, அவ்வளவுதான். நடுவில் கலந்தியா சோதனைச் சாவடி. மேற்குக் கரை அடையாள அட்டை வைத்திருக்கிறவருக்கு ஜெருசலேமுக்குள் நுழைய இஸ்ரேல் தருகிற அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் பெத்லகேம் பிள்ளை ரமல்லாவுக்கு நேர் வழியில் வர முடியாது. ஜெருசலேமைச் சுற்றிக்கொண்டு வாதி அல் நார் என்கிற மலைச் சரிவுப் பாதையில் வளைந்து வளைந்து வர வேண்டும். வழியில் இன்னொரு சாவடி. எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் பெரிய தொந்தரவு. நாலு மணி ஒத்திகைக்கு மத்தியானமே கிளம்புவார்கள், சிலநாள் ஆறு மணிக்கு வந்து சேர்வார்கள். காஸா பிள்ளைகளின் கதை அதைவிட மோசம். முற்றுகைக் காலத்தில் போட்டிக்கும் பாடத்துக்கும் வீடியோ வழியாகத்தான் மற்றவர்களோடு சேர முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ரா பயணத்துக்கு வெளியே வர விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து கச்சேரி தேதி தாண்டிப் போனவர்கள் உண்டு.

லெபனானிலும் சிரியாவிலும் அகதிக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் மேற்குக் கரைக்குள் வரவே வழியில்லை. ஆக எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டுமென்றால் மூன்றாவது நாடு ஒன்றுக்குத்தான் போக வேண்டும். விமானம், தங்குமிடம், விமானத்தில் செல்லோவுக்குத் தனி இருக்கை, டபுள் பேஸ் என்ற பெரிய வாத்தியத்துக்கு வாடகை. இப்போது பயண நிதி ஏன் என்று புரிகிறதா?

2016 கோடையில் இந்தப் பாலஸ்தீன இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா பிரிட்டனுக்கு வந்தது. சியான் எட்வர்ட்ஸ் நடத்துனர், பாடியவர் நை பர்கூத்தி. லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் கச்சேரிக்கு நான் போயிருந்தேன், என் கண் வழக்கம்போல வயலின்களின் கடைசி வரிசையில். வாத்தியாரம்மாக்களுக்கு முதல் வரிசை தேவையில்லை. ஒரு ஆர்க்கெஸ்ட்ராவின் யோக்கியதை கடைசி வரிசை வயலின்காரரின் வில் எங்கே நிற்கிறது என்பதில் தெரியும். நின்றது, சரியான இடத்தில். அனுதாபத்தில் கைதட்டலாம் என்று வந்த என் பக்கத்து சீட்டுப் பெரியவர் இடைவேளைக்குப் பிறகு அனுதாபத்தை மறந்துவிட்டுத் தாளம் போட ஆரம்பித்தார்.

கேள்வி: 2013இல் பிரிட்டிஷ் வயலின் கலைஞர் நைஜல் கென்னடி கச்சேரியில் ஏதோ தகராறு என்று ஞாபகம்...

தகராறு கச்சேரியில் இல்லை, தொலைக்காட்சியில். பிபிசி ப்ராம்ஸ் விழாவில், ராயல் ஆல்பர்ட் ஹாலில், சயீத் கல்லூரியின் பாலஸ்தீன் ஸ்ட்ரிங்ஸ் என்ற இளம் குழுவோடு விவால்டியின் நான்கு பருவங்களை வாசித்தார் கென்னடி. நடுநடுவே அந்தப் பிள்ளைகள் அரபு முறையில் மனோதர்மமாக வாசித்தார்கள், விவால்டிக்குள்ளே மகாம். மேடையில் கென்னடி பேசும்போது "அபார்தைட்" (நிறவெறி ஒதுக்கல்) என்ற சொல்லைச் சொன்னார், அதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள். பத்திரிகைகள் வாரக்கணக்கில் அந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதின. பிள்ளைகள் வாசித்ததைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்.

கேள்வி: இப்படிப் படித்து என்ன ஆகிறார்கள்? வேலை கிடைக்குமா? (இசை படிக்கப்போகிறேன் என்று அடம்பிடிக்கும் மகனின் தகப்பனார்)

உங்கள் மகனைப் பற்றிய கேள்வி என்று அடைப்புக்குறியிலேயே தெரிகிறது, ஐயா. அதற்கு அடுத்த இதழில் தனியாகத் திட்டுகிறேன், உங்களைத்தான்.

சயீத் கல்லூரியில் படித்த நை பர்கூத்தி ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரிக்குப் போய், இன்று உலக மேடைகளில் பாடுகிறார். புல்லாங்குழலும் வாசிப்பார். இன்னொருவர் ரம்ஸி அபூரத்வான். ரமல்லா பக்கத்தில் அல் அமாரி அகதி முகாமில் வளர்ந்தவர். முதல் இன்டிஃபாதாவின்போது ராணுவத்தின் மேல் கல்லெறிகிற எட்டு வயசுப் பையனாக ஒரு புகைப்படத்தில் சிக்கி, அந்தப் படம் ஊரெல்லாம் போஸ்டராக ஒட்டப்பட்டது. பதின்வயதில் வயோலா (வயலினை விடச் சற்றுப் பெரியது) கையில் எடுத்தார். பிரான்சில் ஆன்ஜே நகரத்தில் படித்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். 2002இல் அல் கமன்ஜாதி என்ற அமைப்பைத் தொடங்கி, 2005இல் ரமல்லாவின் பழைய பகுதியில் பள்ளி திறந்தார். ஜெனினுக்கும் அகதி முகாம்களுக்கும் பாடம் போயிற்று. சயீத் கல்லூரிக்கு இது போட்டி என்று நினைக்காதீர்கள். இசைப்பள்ளி இரண்டாவது ஒன்று இருந்தால் எந்த ஊரும் கெட்டுப்போகாது.

மற்றவர்கள்? பெரும்பாலோர் வாத்தியார் ஆகிறார்கள், அல்லது பல் டாக்டர் ஆகிவிட்டு வார இறுதியில் ஊத் வாசிக்கிறார்கள். என் மாணவர்களும் அப்படித்தான். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தும் விசாவில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அறக்கட்டளைகள் கொடுக்கிற உதவித்தொகையில் கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் வாடகையும் சாப்பாடும் கணக்கில் வருகிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன். கட்டணம் மட்டும் கொடுத்து ஒரு பிள்ளையை லண்டனில் இறக்கிவிடுவது உதவி ஆகாது.

கேள்வி: பெண்பிள்ளைகள் படிக்கிறார்களா? மதத் தடை இல்லையா?

நிறையப் பேர் படிக்கிறார்கள், காஸாவிலும் படித்தார்கள். அங்கே பெண்கள் ஆண்கள் முன்னால் மேடையேறிப் பாடுவதற்கு ஹமாஸ் ஆட்சியில் இடைஞ்சல் இருந்தது, பழமைவாதக் குடும்பங்களின் முணுமுணுப்பும் உண்டு. அதையும் மீறிப் பெற்றோர்கள்தான் மகள்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தார்கள்.

கேள்வி: பணம் அனுப்பினால் போய்ச் சேரும் என்று எப்படி நம்புவது? இப்போது பாலஸ்தீனத்தின் பெயரைச் சொல்லி ஆயிரம் பேர் உண்டியல் குலுக்குகிறார்கள்.

நம்ப வேண்டாம், பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான எந்த அறக்கட்டளையையும் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அறங்காவலர்கள் யார், வரவு என்ன, செலவு என்ன, ஆண்டறிக்கை நேரத்தில் வந்ததா, எல்லாம் கிடைக்கும். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு. பதிவு எண் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அறிக்கை கிடைத்ததும் நான் முதலில் தேடுவது அங்கே பள்ளி நடத்துபவரின் பெயர். "காஸா குழந்தைகளுக்கு இசை" என்று பொதுவாக எழுதி அழுகிற குழந்தையின் படம் போட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இன்ன கல்லூரி, இத்தனை உதவித்தொகை, இன்ன வேலை என்று சலிப்பூட்டும்படி எழுதியிருந்தால் சந்தோஷம். "நிர்வாகச் செலவு பூஜ்யம்" என்று மார்தட்டுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. கணக்கு எழுதுவதும் வங்கிக்குப் பதில் சொல்வதும் யாரோ செய்ய வேண்டிய வேலை. அதுவும் பாலஸ்தீனத்துக்குப் பணம் அனுப்பும்போது வங்கிகள் கேட்கிற கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல.

பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். ஒரு பவுண்டுக்கு இருபத்தைந்து பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து அறக்கட்டளைக்குப் போகும், உங்கள் கையிலிருந்து ஒன்றும் கூடுதலாகப் போகாது. வரி கட்டாதவர்கள் போடக் கூடாது, பிறகு அந்தத் தொகையை உங்களிடமே கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் கச்சேரி வைத்துப் பணம் திரட்ட நினைக்கிறோம். யோசனை?

வையுங்கள். அரங்க வாடகையும் ஒலிபெருக்கியும் போக என்ன மிஞ்சும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கச்சேரியை விட சாப்பாட்டுச் செலவு அதிகமாகிவிட்ட நிதி திரட்டல்களுக்கு நான் வாசித்திருக்கிறேன். பேச்சாளர்களை இரண்டு பேரோடு நிறுத்துங்கள். லண்டனில் ஊத் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, ச ப ச ப சேர்த்த ஒரு வயலினோடு உட்காரவையுங்கள். எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவையுங்கள், கடைசி வரிசையில்.

கேள்வி: ஒரே தடவையாக நூறு பவுண்டு கொடுப்பது நல்லதா, மாதம் எட்டு பவுண்டா?

மாதம் எட்டு. வாத்தியாருக்குச் சம்பளம் மாதாமாதம்தான். போர்ச் செய்தி வருகிற வாரத்தில் பணம் குவியும், செய்தி நின்ற வாரத்தில் வற்றிவிடும். குவிகிற பணத்தை நம்பி யாரும் வாத்தியாரை வேலைக்கு எடுக்க முடியாது. அடுத்த வருஷமும் இது வரும் என்று தெரிந்தால்தான் ஒரு செல்லோ வாத்தியாரை வைத்துக்கொள்ளலாம், ஒரு பிள்ளையை முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். வங்கியில் மாதாமாதம் தானாகப் பணம் போகிற ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கிஃப்ட் எய்டோடு அது மாதம் பத்து பவுண்டு ஆகும்.